வெயில் மில்

பொட்டகுளத்தில் பொழுது இரண்டு தடவை சாயும். முதல் தடவை ஊருக்கு. இரண்டாவது தடவை அனுசுயா வீட்டுக்கு. நடுவில் ஒன்றரை மணி நேரம். ஊரே அரசாங்கத்தின் ஒற்றை விளக்கைப் போட்டுக்கொண்டு கொசு அடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் வடக்குத் தெருவில் அனுசுயாவின் மாவு மில் மட்டும் பட்டப்பகல் மாதிரி வெளிச்சத்தோடு ஓடும். முண்டு மிளகாய் நெடி தெரு முழுக்க ஏறும். ஜனங்கள் தும்மிக்கொண்டே வரிசையில் நிற்பார்கள். அதற்கு வெயில் மில் என்று முதலில் பெயர் வைத்தது யாரோ தெரியாது. வைத்தவர் விவரமான ஆள்தான்.

ஏனென்றால் அந்த மில் ஓடியது அரபு நாட்டு வெயிலில். அனுசுயாவின் புருஷன் சேதுபாண்டி கடலுக்கு அப்பால் ஒரு பாலைவனத்தில் சோலார் பேனல் துடைக்கிற வேலையில் இருந்தான். அங்கே ஒரு ஆளுக்கு நானூறு பேனல் கணக்கு. அதில் ஒன்று அவனவன் வீட்டுக்கு. சம்பளத்தில் பாதி பணமாக வரும், பாதி வெயிலாக வரும். அதுதான் கம்பெனி ஒப்பந்தம். அந்த ஒரு பேனலுக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் வீட்டுப் பேனல். கதவு அகலம்தான் இருக்கும். ஆனால் புது ரகம். ஒரு குடும்பத்தையும் ஒரு மில்லையும் சேர்த்துத் தாங்கும். அதில் விழுகிற வெயில் கரண்டாகி, கடலுக்கடியில் கேபிளில் ஓடி, குஜராத்தில் கரையேறி, பொட்டகுளம் வடக்குத் தெருவில் மூன்றாவது வீட்டுக்கு வந்து சேரும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மீட்டர் மாட்ட வந்த லைன்மேனை அனுசுயா நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள்.

"இது அவுக பேனல் கரண்டுன்னு எப்படிண்ணே தெரியும்? கரண்டுல பேரா எழுதியிருக்கு?"

"எழுதித்தான் இருக்கு. அங்க பேனல்லயே ஒரு துடிப்பை ஏத்தி விட்டுருவாங்க. ஒரு பேனலுக்கு ஒரு துடிப்பு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இந்த மீட்டரு அந்தத் துடிப்பை மட்டும்தான் உள்ள விடும். மத்ததுக்குக் கதவைச் சாத்திரும்."

"பேட்டரியில பிடிச்சு வச்சுக்கலாமா?"

"பேட்டரியில ஏறுனா துடிப்பு செத்துப்போகும்மா. வர வர செலவழிச்சிரணும். சேத்து வைக்கிற சமாச்சாரமே இல்ல."

கல்யாணமாகி ஆறாவது மாதம் கிளம்பிப் போனவன் சேதுபாண்டி. அந்த ஆறு மாதத்தையும் அவளால் சேர்த்து வைக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளாக எடுத்து நினைத்து நினைத்து, இரண்டு வருஷத்திலேயே தீர்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் இரண்டு தடவை விடுப்பில் வந்தான். தடவைக்கு நாற்பது நாள்.

போனில் பேசாமல் இல்லை. பேசினார்கள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க மழையா, இங்க என்னைக்கு மழை பேஞ்சுச்சு. அதற்கு மேல் வண்டி நகராது. பன்னிரண்டு பேர் படுத்திருக்கிற கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் வேறென்ன பேசிவிட முடியும்?

அவர்கள் உண்மையில் பேசிக்கொண்டது மீட்டரில்தான். அதில் இரண்டு கோடு ஓடும். பேனல் எவ்வளவு தருகிறது என்பது மஞ்சள் கோடு. வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பது சிவப்புக் கோடு. இரண்டும் அவள் போனிலும் தெரியும், அவன் போனிலும் தெரியும். பாலைவனத்தில் ராத்திரிக்கு ராத்திரி தூசி படியும். காலையில் துடைத்ததும் மஞ்சள் கோடு சட்டென்று ஒரு படி ஏறும். அந்தப் படி ஏறுகிற நேரம்தான் அவன் வீட்டுப் பேனலைத் தொடுகிற நேரம். மதியம் இரண்டாம் துடைப்பு, இன்னொரு படி.

சுற்றுவட்டாரத்தில் புருஷனை அந்த வேலைக்கு அனுப்பியிருந்த பத்து ஊர்ப் பெண்களும் இந்தக் கோடு பார்ப்பதில் தேறிப்போயிருந்தார்கள். படி தாமதமாக ஏறினால் மேலுக்கு முடியவில்லை. அவசரமாக ஏறினால் மேஸ்திரியோடு சண்டை. ஒரு தடவை படி பாதிதான் ஏறியது. அனுசுயா உடனே போன் போட்டாள்.

"இடது தோளு வலிக்குதா? மேல் மூலையைத் துடைக்காம விட்டிருக்கீக. தைலம் தேச்சீகளா இல்லையா?"

உனக்கு எப்படிப் புள்ள தெரியும் என்று அந்தப் பக்கம் சேதுபாண்டி கேட்டான். அவள் பெருமையில் அன்றைக்கு மூன்று பேருக்குக் காசு வாங்காமல் மல்லி அரைத்துக் கொடுத்தாள்.

அவனுக்கும் அதே போலத்தான். காலையில் எழுந்ததும் சிவப்புக் கோட்டைப் பார்ப்பான். கோடு ஏறினால் மில் ஓடுகிறது. கொஞ்சமாகக் குதித்தால் இஸ்திரிப் பெட்டி. மத்தியானம் தூங்கி வழிந்தால் அவள் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

இவற்றையெல்லாம்விட ஒன்று உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் சேதுபாண்டி வீட்டுப் பேனலுக்கு முன்னால் வந்து நிற்பான். இறங்கு வெயில் முதுகில் அடிக்க, அவன் நிழல் நீளமாகப் பேனல் மேல் விழும். இங்கே மஞ்சள் கோடு பள்ளத்தில் இறங்கும். மில்லில் விளக்கெல்லாம் மங்கும். பெல்ட் தொய்ந்து கல் மெதுவாகும். பத்து எண்ணுகிற நேரம். அப்புறம் அவன் நகர்ந்துவிடுவான், வெளிச்சம் திரும்பிவிடும். மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து விழுந்த நிழல் அது.

"மாப்பிள்ளை வந்துட்டாருப்பா, எல்லாரும் எந்திரிங்க" என்று வரிசையில் யாராவது கேலி பண்ணுவார்கள். அனுசுயா தலையைக் குனிந்துகொண்டு மாவு தள்ளுவாள். முகம் சிவந்திருக்கும். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்வாள்.

போன பங்குனியில் அவளே அதைக் கெடுத்துக்கொண்டாள். மிளகாய் சீசன். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. கல்லுக்குள் மிளகாய் நிறைந்திருந்த நேரத்தில் நிழல் விழுந்தது. கல் நின்றுபோய் மிளகாய் இறுகிக்கொண்டது. கழற்றிச் சுத்தம் பண்ணி மறுபடி மாட்டுவதற்குள் கண்ணும் கையும் எரிந்து, பாதிப் பேர் வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள். அந்த எரிச்சலோடு போன் போட்டாள்.

"வேலை நேரத்துல வந்து மறைச்சுக்கிட்டு நிக்காதீக. இங்க மெஷின் நிக்குதுல்ல?"

"சரி" என்றான் அவன்.

அதோடு நிழல் நின்றுபோனது. ஒரு வாரம் கோபம் என்று நினைத்தாள். ஒரு மாதம் வீம்பு என்று நினைத்தாள். போனில் கேட்கவும் கூச்சமாக இருந்தது. வந்து மறைச்சுக்கிட்டு நில்லுங்க என்று ஒரு பொம்பளை எப்படிக் கேட்பாள்? ஆனால் மஞ்சள் கோடு மட்டும் முன்னைவிட அழகாகிவிட்டது. காலைப் படி நேரம் தவறுவதில்லை. பாதி ஏறுவது, தயங்கி ஏறுவது எதுவும் கிடையாது. அனுசுயா கோடு மாதிரி பத்து ஊரில் இல்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தோள்வலி தீர்ந்துவிட்டது, மனுஷன் தெம்பாக இருக்கிறான் என்று அவளும் தேற்றிக்கொண்டாள்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. கார்த்திகை மழை தொடங்கியிருந்தது. தை பிறந்தால் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம். அனுசுயாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஐந்தைக் கூட்டிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. மடியில் ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு முதலில் ஆள் வேண்டுமே. காலையில் காப்பி போடும்போது எதிரில் உட்கார்ந்து ஊதிக் குடிக்க, சட்டையை எங்கே வைத்தாய் என்று கத்த, மழை பெய்தால் ஓடிப்போய்த் துணி எடுக்க ஒரு ஆள்.

"புதுப்பிச்சிருவோம்" என்றான் போனில். "மில்லு நல்லா ஓடுதுல்ல?"

வந்துருங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். வைத்தபிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரஹ்மத் நிஷா குடையை மடக்கிக்கொண்டு மில்லுக்குள் வந்தாள். அடுத்த தெரு. அவள் புருஷன் ஹபீப், சேதுபாண்டியோடு ஒரே பிளேனில் போனவர், ஒரே கூடத்தில் படுக்கிறவர். ரஹ்மத் தன் பங்கு வெயிலில் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின் வைத்திருந்தாள். அந்தத் தெருவே அவள் வீட்டில்தான் குடம் நிரப்பும்.

"ஏ அனுசு, மெஷினை நிறுத்திட்டு இங்க வா. உன் போனை எடு."

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு மஞ்சள் கோடு.

"இது எங்க வீட்டுக்காரவுக. இது உங்க வீட்டுக்காரவுக. காலையில இவுக பேனல் துடைச்ச நேரத்தைப் பாரு. இப்ப உன்னதைப் பாரு. பதினோரு செகண்டு வித்தியாசம். நேத்தைக்கு எடு. பதினோரு செகண்டு. முந்தாநாளு? பதினோரு செகண்டு. ஆவணி மாசத்துக்குப் போ. அதே பதினொண்ணு."

"அடுத்தடுத்த பேனலா இருக்கும்க்கா."

"இருக்கட்டும். மனுஷன்னா ஒரு நா தும்ம மாட்டானா? ஒரு நா நின்னு பேச மாட்டானா?" ரஹ்மத் குரலைத் தாழ்த்தினாள். "அதுகூடப் போகட்டும். இன்னைக்கு என்ன கிழமை? மத்தியானம் ரெண்டாம் துடைப்பு எத்தனை மணிக்கு நடந்திருக்குன்னு பாரு. அங்க பன்னெண்டரை. ஜும்மா நேரம். எங்க வீட்டுக்காரவுக பத்து வருஷமா வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து ரெண்டு மணிக்குத்தான் துணியைத் தொடுவாக. அதுக்காக மேஸ்திரிகிட்ட அபராதமே கட்டியிருக்காக. ஜும்மா நேரத்துல துடைக்கிறது எம் புருஷன் இல்ல அனுசு."

அனுசுயா எட்டு மாதக் கோட்டையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எது அழகு என்று பத்து ஊரும் சொன்னதோ, அந்த அழகில் ஆளே இல்லை. அதைத்தான் அவள் தினமும் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் வந்திருக்கும்" என்றாள் ரஹ்மத். "இவுகளை வேற என்னமோ கீழ் வேலைக்குப் போட்டிருப்பாக. சொல்ல வெக்கமா இருக்கும். நேத்துக்கூடக் கேட்டேன், பேனலைத் துடைச்சீகளான்னு. துடைச்சேன்னு சொல்றாக. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதான் எனக்குப் பயமா இருக்கு."

அன்றைக்கு அனுசுயாவுக்குத் தூக்கமில்லை. போனில் கேட்டால் அவனும் துடைச்சேன் என்றுதான் சொல்வான். அந்தப் பொய்யைத் தன் காதால் கேட்க அவளுக்குத் தைரியமில்லை. வேறு வழியில்தான் கேட்க வேண்டும். எதில் பேசினார்களோ அதில்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மஞ்சள் கோடு வழக்கம்போல ஏறியது. அவள் மெயினைப் போடவில்லை.

சிவப்புக் கோடு தரையோடு கிடந்தது. பதினோரு வருஷத்தில் அது அப்படிக் கிடந்ததே இல்லை. அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட ஃபேனாவது ஓடியிருக்கும். ஒரு முழுப் பகல் செலவே இல்லையென்றால் பேனல் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. அவளுக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டுப் போன் பண்ணுவான். என்ன, ஏது என்று பதறுவான். அந்தப் பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிடுவான். செய்வது பாவம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது. எடுக்கக் கை போனது. எடுத்தால் இவள் குரலைக் கேட்டதும் அவன் சமாதானமாகிவிடுவான், பழைய பேச்சுக்குப் போய்விடுவான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஒன்பது மணிக்குள் ஆறு தடவை. அப்புறம் அதுவும் நின்றது. மிளகாய் அரைக்க வந்தவர்களை மெஷின் கோளாறு என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். பத்து மணி. பதினொன்று. ஒன்றும் இல்லை. பார்க்கவில்லையோ? பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறானோ? பிடிவாதமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு வாசல் கதவு படாரென்று திறந்தது.

சேதுபாண்டி நின்றான். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். நனைந்திருந்தான். முன்னந்தலையில் முடி கொட்டியிருந்தது. கம்பெனி ஆரஞ்சுச் சட்டை.

"என்ன புள்ள... என்னாச்சு உனக்கு? போனை ஏன் எடுக்கல?"

அவள் எழுந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கோட்டை நிறுத்தி நாலு மணி நேரம். அவன் காலைப் பார்த்தாள். பூட்ஸ் இரண்டும் முழங்கால் வரைக்கும் சேறு. நேற்றைய மழைச் சேறு. பாலைவனத்தில் ஏது சேறு?

"எந்தப் பிளேன்ல வந்தீக?" என்றாள்.

அவன் தலையைத் துவட்டத் துண்டு தேடினான். துண்டு எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கேக்குறேன்ல?"

"சாயல்குடி பஸ்ஸு."

நாற்பது கிலோமீட்டர். அனுசுயா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை மாசமா?"

"எட்டு." அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "பங்குனிக் கடைசியில மெஷின் வந்துருச்சு. தண்டவாளம் போட்டு ஓட விட்டாக. நாங்க அத்தனை பேரும் செஞ்ச வேலையை எட்டு மெஷின் செய்யுது. வேலையை விட்டா வீட்டுப் பேனலும் போயிரும்னாக. வேணும்னா உங்க ஊருப் பக்கமே நம்ம பேனல் காடு ஒண்ணு இருக்கு, மேடு பள்ளமா கிடக்கு, அங்க மெஷின் ஓடாது, போய்த் துடைங்க, அரைச் சம்பளம், வீட்டுக்கு வர்ற கரண்டு வந்துக்கிட்டே இருக்கும்னாக. நாப்பது பேரு சரின்னுட்டோம்."

"வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு எழுதி வாங்குனாகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவன், "அப்படி ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை லீவு" என்றான்.

முப்பதுக்கும் மேலே ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் தலைக்குக் குளித்து, ஆக்கி, ஒற்றைத் தட்டில் போட்டுத் தின்றது அவள் கண்முன்னால் வந்தது. அதைவிடக் கொடுமையான ஒன்றும் வந்தது. எட்டு மாதமாகச் சாயங்காலம் ஊர் இருட்டியபிறகு, தன் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்து, இந்த வெயிலில்தானே அவர் நின்றுகொண்டிருப்பார் என்று நினைத்து நினைத்து உருகினாள். அவன் நாற்பது கிலோமீட்டரில் அவளைப் போலவே கொசு அடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறான். வெளிச்சம் மட்டும் யாருமில்லாத ஒரு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்திருக்கிறது.

"மூணு தரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன்" என்றான் சேதுபாண்டி. "உன் கோட்டைப் பாத்தேன். ஏறிக்கிட்டே இருந்துச்சு. வந்துட்டா எனக்குத் திரும்பிப் போக மனசு வராது. போகலைன்னா பேனல் நிக்கும், மில்லு நிக்கும். இத்தனை வருஷம் கழிச்சு வெறுங்கையோட வந்து, ஓடுறதையும் நிறுத்திட்டு உக்காரவா? நீதான சொன்ன, வந்து மறைச்சுக்கிட்டு நிக்காதீகன்னு."

"அட பாவி மனுஷா." அவள் கையில் கிடைத்த சாக்கை அவன் மேல் எறிந்தாள். அதிலிருந்த மிளகாய்த் தூள் பறந்து இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. "நான் என்ன மில்லுக்கா வாக்கப்பட்டேன்? எதுக்கு மில்லு வச்சேன்னு தெரியுமா? வர வர செலவழிச்சிரணும், சேத்து வைக்க முடியாதுன்னு லைன்மேன் சொன்னான். ஒத்தைப் பொம்பளை, ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் போட்டா எவ்வளவு செலவாகும்? நீங்க வெயில்ல நின்னு அனுப்புறது வீணாப் போகுதேன்னு வயித்தெரிச்சல்ல வச்சேன் மில்லை. இதுல உங்களுக்கு என் கோடு ஏறுறது தெரிஞ்சுச்சு. நான் இறங்குறது தெரியல."

அவனும் அழுதான். மிளகாய் என்று சொல்லிக்கொள்ள அவன் முயற்சி பண்ணவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் சட்டைப் பையில் போன் இருமியது. எடுத்துப் பார்த்தான். கம்பெனியிலிருந்து தகவல். இணைப்பில் இன்று பயன்பாடு இல்லை, பகல் முடிவதற்குள் தொடராவிட்டால் பேனல் அடுத்த பெயருக்கு மாற்றப்படும்.

"போய் மெயினைப் போடு புள்ள."

"போட்டா?"

"அஞ்சு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும். சொல்லாம ஓடியாந்துட்டேன்."

"போடாட்டி?"

"பேனல் போயிரும். பேனல் போனா எனக்கும் அங்க வேலை இல்ல. மில்லும் ஓடாது. தையில கையெழுத்துப் போடுறதுக்கும் ஒண்ணும் இருக்காது." அடுப்படிப் பக்கம் பார்த்தான். "அடுப்புகூட அந்தக் கரண்டுதான?"

"ஆமா. அடுப்பும் அதான்."

அவள் எழுந்துபோய் மெயின் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். போடவும் இல்லை, நகரவும் இல்லை. தானே போடாமல் இருந்துவிட்டால் அது அவள் முடிவாகிவிடும். அவன் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அவன் வாயிலிருந்து வராத ஒரு வார்த்தை வர வேண்டும். அதைக் கேட்டு வாங்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சேதுபாண்டி தரையில் கிடந்த மிளகாய்த் தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏ அனுசு, மெஷின் கோளாறுன்னாகளே..." என்று கூப்பிட்டபடி ரஹ்மத் நிஷா உள்ளே வந்தாள். சேதுபாண்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவனை ஊரில் எல்லோரும் கேட்கிற அந்த இரண்டு கேள்வியும் அவள் வாயில் தானாக வந்தது.

"அட, தம்பி! எப்ப வந்தீக? எப்பப் பயணம்?"

விடுப்பில் வந்த இரண்டு தடவையும், வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே அவனைக் கேட்ட கேள்வி அது. இரண்டு தடவையும் திரும்பிப் போகிற தேதியைச் சொல்லியிருக்கிறான். சேதுபாண்டி அனுசுயாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மெயின் பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயணம் இல்லக்கா" என்றான்.

அனுசுயாவின் கை பெட்டியிலிருந்து இறங்கியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"நல்லது தம்பி, நல்லது. வயசு போறதுக்குள்ள வந்து சேந்தீகளே, அல்லா நல்லா வைக்கட்டும்." ரஹ்மத் சொல்லிக்கொண்டே வந்தவள், அவன் காலைப் பார்த்ததும் நிறுத்தினாள். சேற்றைப் பார்த்தாள். ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள். பெண்டாட்டி அழுகிற விதத்தைப் பார்த்தாள். கோடு பார்த்தே பதினோரு செகண்டைக் கண்டுபிடித்தவளுக்கு இதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"எங்க வீட்டுக்காரவுக எங்க இருக்காக?"

சேதுபாண்டி சேற்றுக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"தம்பி. கூடப் பொறந்த தம்பியா நெனச்சுக் கேக்குறேன். அவுக எங்க இருக்காக?"

"சாயல்குடி தாண்டி, பேனல் காட்டுலதான்க்கா. எனக்குப் பக்கத்துக் கட்டில். நல்லா இருக்காரு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பக்கத்து ஊருக்கு நடந்தே போயிட்டு வர்றாரு. நாப்பது பேரும் அங்கதான் இருக்கோம்."

ரஹ்மத் அழவில்லை. சுவரில் சாய்த்து வைத்த குடையை எடுத்தாள். விரிக்காமலே மழைத் தூறலில் இறங்கித் தன் தெருப் பக்கம் நடந்தாள்.

"அவுகளை நிறுத்து புள்ள. எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிருவாக" என்றான் சேதுபாண்டி. அவனே நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"சொல்லட்டும்."

அவனும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அடுத்த தெருவில் ரஹ்மத் வீட்டுத் தண்ணீர் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் காதுக்குப் பழகிப்போன சத்தம். மில் ஓடும்போது கேட்காது. இன்றைக்கு நன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் இழுத்து இழுத்து அடங்கியது. என்ன ஆச்சு, குடம் பாதிதானே நிறைஞ்சிருக்கு என்று பெண்கள் கூப்பாடு போடுவது கேட்டது.

சேதுபாண்டி கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டான்.

"ஹபீப் அண்ணன் இந்நேரம் கோட்டைப் பாத்திருப்பாரு" என்றான். "ரெண்டரை பஸ்ஸைப் பிடிச்சிருவாரு."